தவமணி இல்லம்

பாத்துட்டியா தாயி? இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காரு. எங்க வீட்டுக்காரவுக மோட்டாரை நிறுத்திட்டு வந்துருவாக. வாடகை விஷயமெல்லாம் அவுககிட்டத்தான் பேசணும், எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது.

ஆமா, வெளிய கல்லுல போட்டிருக்கிற தவமணி நாந்தான். வர்றவுக எல்லாரும் கேப்பாக. பொம்பளை பேருல வீடு, குடுத்துவச்சவம்பாக. நானும் சிரிச்சுக்கிட்டே ஆமாம்பேன். வேற என்ன சொல்ல?

மாடி உள்ரூம்புல சுவிட்ச்சுப் பலகை ஏன் இம்புட்டுக் கீழ இருக்குன்னு கேட்டியாமே. அவுக என்ன சொன்னாக, வயரிங்காரன் தப்பா வச்சிட்டான்னா? அப்படித்தான் சொல்லுவாக. அந்த வயரிங்காரன் வேற யாருமில்ல, அவுக கூடப்பெறந்த தம்பி. கருணாகரன். இந்த அருப்புக்கோட்டையில பாதி மில்லுக்கு அவன்தான் வயரிங். அவனுக்கா அளவு தெரியாது? பிள்ளையைச் செவுத்தோட சேத்து நிக்கவச்சு, கைய நீட்டச் சொல்லி, பென்சில்ல கோடு போட்டு வச்சான். குதிகாலைத் தூக்காம லைட்டப் போடணும் எம் பொண்ணுன்னு.

பிள்ளை பேரு பூவிழி. நாங்க பூவின்னு கூப்பிடுவோம்.

நான் கல்யாணமாகி வந்தப்ப கருணாகரனுக்குப் பதினோரு வயசு. மாமியார் அப்பவே இல்ல. அவன் மதினி மதினின்னு என் சேலையைப் பிடிச்சுக்கிட்டே திரிவான். நான் சோறு போட்டு வளந்தவன். அதனாலதான் அவன் இவன்னு பேசுறேன், தப்பா நெனச்சுக்காத. அவனுக்கு விஜயராணியப் பொண்ணு பாத்ததும் நாந்தான். கூட்டுறவு பேங்குல வேலை பாக்குற பொண்ணு, ரொம்பப் பேச மாட்டா. எல்லாரும் ஒரே வீடு. வாடகை வீடுதான், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. ரெண்டு ரூம்பு, ஒரு அடுப்படி. ஒரு நாளு ஒரு பொழுது சண்டை கெடையாது. நீ யாருகிட்ட வேணாலும் கேட்டுப் பாரு.

ஒம்பது வருசம் கருணாகரனுக்கும் அவளுக்கும் பிள்ளை இல்ல. அப்புறம்தான் பூவி. விஜயராணிக்கு லீவு முடிஞ்சதும் பிள்ளை எங் கைக்கு வந்துருச்சு. குளிப்பாட்டுறது, சோறூட்டுறது, பள்ளிக்கூடத்துல விடுறது எல்லாமே நான். படுக்கிறதுகூட எங்கூடத்தான், எம் மேல காலத் தூக்கிப் போட்டுக்கிட்டு. பெத்தது அவ, வளத்தது நான். இத நான் பெருமைக்குச் சொல்லல, உள்ளதச் சொல்றேன்.

அண்ணனும் தம்பியுமாச் சேந்துதான் இந்த எடத்த வாங்குனாக. கீழ எங்களுக்கு, மாடி தம்பி குடும்பத்துக்கு. அப்ப இந்தப் பக்கம் ஒரு வீடு கெடையாது. பஸ்ஸே அந்தத் தண்ணித் தொட்டியோட நின்னுரும், அதுக்கு மேல நடந்துதான் வரணும். அவுக கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆன நேரம். சாயங்காலமானா டிவிஎஸ் வண்டியில பூவிய முன்னால நிக்கவச்சுக் கூட்டிட்டு வந்து, கட்டுன செவுத்துக்கெல்லாம் தண்ணி அடிப்பாக. அவளும் ஒரு சின்ன ஓஸ் பைப்ப வச்சுக்கிட்டு நனைப்பா, செவுத்தை விட அவதான் அதிகமா நனைவா.

ஒரு நாள் கருணாகரன் அவகிட்ட சொல்லிட்டான், "வீட்டுக்குப் பேரு நீதான் வைக்கணும். நீ சொல்றதுதான் பேரு"ன்னு. அதுல பிடிச்சது அவளுக்குக் கிறுக்கு. ரெண்டாப்புப் படிக்கிற பிள்ளை, அப்பத்தான் எழுத்துக் கூட்டி எழுதுறா. செங்கக் கட்டிய எடுத்துப் பூசாத செவுத்துல வாரத்துக்கு ஒரு பேரு எழுதுவா. இங்கன மயிலு நெறையா வருமா, ஒரு வாரம் 'மயில் வீடு'. அடுத்த வாரம் அதுல ஒரு கோடக் கிழிச்சுட்டு 'ஐஸ் வீடு'. பெரியப்பா கண்டக்டரு, பஸ்ஸு தண்ணித் தொட்டியோட நின்னுருதுன்னு ஒரு வாரம் 'கடைசி ஸ்டாப்'. அவுக விழுந்து விழுந்து சிரிக்கிறாக. கல்லுல அதைத்தான் வெட்டணும்னாக. நான், அதெல்லாம் வீட்டுக்கு வைக்கிற பேரா, தொடச்சு விடுங்கன்னேன்.

"அப்ப நீ ஒண்ணு சொல்லு பெரியம்மா"ன்னா. நான், தாத்தா பேரு சுப்பையா, அத வைப்போம்னேன். மூஞ்சியச் சுளிச்சுட்டு, "தாத்தாவ நான் பாத்ததே இல்ல. பாக்காத ஆளு பேரு வைக்கக் கூடாது"ன்னுட்டா.

கடைசி வரைக்கும் அவ ஒரு பேருல நிக்கல தாயி. ஜன்னல் மட்டத்துக்கு மேல, லிண்டல் போட்டாச்சு. மாடி ரூம்புக்கு வயர்க் குழாய் பதிச்சாச்சு. அப்பத்தான் ஐப்பசி மழை. அந்த மழையில காய்ச்சல். மொதல்ல ரெண்டு மூணு நாளு சும்மா சாதாரணக் காய்ச்சல்தான், எந்தப் பிள்ளைக்கும் வர்றதுதான். சனிக்கிழமை காய்ச்சல் விட்டுருச்சு. நல்லா எந்திரிச்சு உக்காந்து இட்லி கேட்டா. சாயங்காலம் கையும் காலும் சில்லிட்டுப் போச்சு. இங்க காட்டி, உடனே மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லி, கொண்டு போனோம். திங்கக்கெழம விடியக்குள்ள போயிருச்சு.

இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.

வேலை அப்படியே நின்னு போச்சு. நாலு மாசம் எவரும் இந்தப் பக்கம் வரல. அப்புறம் அவுகதான் தம்பியப் பேசிக் கூட்டிட்டு வந்தாக. பேயி மாதிரி வேலை செஞ்சான் கருணாகரன். சுவிட்ச்சுப் பலகை எல்லாம் மத்த ரூம்புல சரியான மட்டத்துல வச்சவன், அந்த ரூம்புல மட்டும் பழைய பென்சில் கோட்டுலயே வச்சான். நான் பாத்தேன்.

செவுத்தைப் பூசுறதுக்கு மொத நாளு, அவ எழுதி வச்சிருந்த பேரையெல்லாம் விஜயராணி போனுல போட்டோ எடுத்தா. ஒண்ணு விடாம எடுத்தா. கோடு கிழிச்சதையும் எடுத்தா. கொத்தனாரு சட்டியக் கையில வச்சுக்கிட்டு அவ முடிக்கிற வரைக்கும் நின்னாரு.

ஆவணியில பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. ஒரு வாரத்துக்கு முன்னால கருணாகரன் அடுப்படிக்கு வந்தான். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன். வாசப்படியிலயே உக்காந்துட்டான், சின்னப் பிள்ளையில உக்காருற மாதிரியே.

"மதினி, வீட்டுக்குப் பேரு சொல்றேன்னு சொன்னா. சொல்லாமப் போயிட்டா. அவ பேரையே வச்சிருவமா?"

எனக்குக் கைய வெட்டிக்கிட்ட மாதிரி ஆகிப்போச்சு. நான் என்ன சொல்றது சொல்லு. எம் மகன் ராஜபிரபு ஓசூர்ல இருக்கான். மருமக சிந்துஜாவுக்கு ரெண்டு தடவ தங்காமப் போயி, மூணாவதா அப்பத்தான் அஞ்சு மாசம். வயித்துப் பிள்ளையோட வந்து வலது கால வைக்கப்போற வீடு. வாசல்ல செத்த பிள்ளை பேரு. வர்றவுக ஒவ்வொருத்தரும் யாரு பூவிழின்னு கேப்பாகள்ல? ஒவ்வொரு தடவையும் சொல்லணும்ல?

அதைத்தான் சொன்னேன். அதட்டிச் சொல்லல, தன்மையாத்தான் சொன்னேன். "வேண்டாம் தம்பி. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நம்மளால தாங்க முடியாது"ன்னேன்.

கொஞ்ச நேரம் வெங்காயத் தோலக் கையில வச்சுக் கிள்ளிக்கிட்டே இருந்தான். "வாசல்ல வேண்டாம் மதினி. மாடிப்படி ஏறுற எடத்துல, உள்பக்கமாச் சின்னதா. வெளிய இருந்து பாத்தா தெரியாது"ன்னான்.

"ஐயருகிட்டக் கேட்டுட்டேன் தம்பி. வீட்டுல எங்கயுமே ஆகாதுன்னுட்டாரு"ன்னேன்.

கேக்கலதான். கேட்டிருந்தாலும் அவரு அதத்தான் சொல்லிருப்பாரு.

"சரி மதினி"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அவ்வளவுதான். இதுக்குப் பேரு சண்டையா? நீயே சொல்லு. அவுக விஷயத்தக் கேட்டுட்டு எம் மூஞ்சியவே பாத்தாக. அப்புறம், "அப்ப இந்த வீட்டுக்குப் பேரே வேண்டாம். கதவு நம்பர் மட்டும் போதும்"னாக. எனக்கும் அது நல்லதாத்தான் பட்டுச்சு. ஒருத்தருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாரு.

அது அப்படியே போயிருக்கும். எம் மகன் செஞ்ச வேலைதான்.

பால் காய்ச்சுறதுக்கு மொத நாள் ராஜபிரபு ஓசூர்ல இருந்து கார்ல வந்தான். டிக்கியில ஒரு கிரானைட்டுக் கல்லு, நல்லாத் துணி சுத்தி, டேப்பு ஒட்டி. என்னடா இதுன்னா, சர்ப்பிரைசும்மாங்கிறான். அவங்கிட்ட யாரும் இந்தப் பேருக் கதையச் சொல்லல. புள்ளத்தாச்சிப் பொண்ணு கூட இருக்காளே, அவ காதுல விழ வேண்டாம்னு நாந்தான் சொல்ல வேண்டாம்னு வச்சிருந்தேன்.

காலையில கருணாகரன்தான் தூண்ல ஓட்டை போட்டான். ராஜபிரபு, "சித்தப்பா, துணியப் பிரிக்காமலே மாட்டிருங்க, அப்புறமாப் பிரிப்போம்"னான். கருணாகரன் அந்தக் கல்லக் கையில வாங்குனான் பாரு, தூங்குற பிள்ளையை வாங்குற மாதிரி வாங்குனான். ஒரு வார்த்தை கேக்கல. மாட்டி முடிச்சு, மட்டம் சரியா இருக்கான்னு ரெண்டு தடவ பாத்துட்டு, நேராப் போயி குளிச்சுட்டு, புது வேட்டி கட்டிட்டு வந்தான். பிள்ளை போனதுல இருந்து அவன் தலைக்கு எண்ணெய் வச்சு நான் பாக்கல. அன்னைக்கு எண்ணெய் வச்சுப் படிய வாரியிருந்தான். விஜயராணியக் கூப்பிட்டு, ரகசியமா என்னமோ சொல்லி, கடைத்தெருவுக்கு அனுப்புனான். அவ கனகாம்பரம் வாங்கிட்டு வந்தா. ரெண்டு மொழம் இருக்கும். பூவிக்குக் கனகாம்பரம்னா உசுரு. மல்லிகைப்பூ தலை வலிக்குதும்பா, கனகாம்பரம்தான் வேணும்பா.

நான் அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இன்னைக்கு ஏன் இவன் இம்புட்டுத் தெளிவா இருக்கான்னு நெனச்சேன். பரவாயில்ல, தேறிட்டான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன் தாயி.

எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டு நிக்கவச்சுட்டு ராஜபிரபு துணியப் பிரிச்சான். 'தவமணி இல்லம்'. தங்கக் கலர்ல, கொட்டக் கொட்டையா. எல்லாரும் கை தட்டுறாக. சிந்துஜா போன வச்சு வீடியோ எடுக்குறா. "அம்மாதான் இந்தக் குடும்பத்துக்கே எல்லாம்"னு எம் மகன் சொல்றான்.

நான் சந்தோசப்படலன்னு சொன்னா அது பொய்யி. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், எனக்கு உள்ள என்னமோ குளுந்து போச்சு. ஆயுசுல எம் பேர எங்கயும் நான் எழுதிப் பாத்ததில்ல, ரேஷன் கார்டத் தவிர. அந்த ஒரு நிமிசம் கழிச்சுத்தான் திரும்பிப் பாத்தேன்.

கருணாகரனும் கை தட்டிக்கிட்டு நிக்கிறான். கனகாம்பரம் தோளுல தொங்குது. அப்புறம் மெதுவா முன்னால வந்து, அந்தப் பூவ எடுத்து, எம் பேருக்கு மேல போட்டான். ரெண்டு பக்கமும் சமமாத் தொங்குதான்னு சரி பண்ணி விட்டான். "நல்லாருக்கு மதினி"ன்னான்.

விஜயராணி அங்க இல்ல. உள்ள பால் பொங்கப் போகுதுன்னு போயிட்டா.

மாடிக்குக் குடிவந்து பதினாறு நாள்தான் இருந்தாக. தூத்துக்குடிக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டா விஜயராணி. யாருகிட்டயும் சொல்லல, ஆர்டர் வந்தப்புறந்தான் தெரியும். சாமானை வேனுல ஏத்திட்டு, சாவியக் குடுக்க அடுப்படிக்கு வந்தா. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். வளத்த பாசத்துக்கு இதுதானான்னு இருந்துச்சு. கேட்டுட்டேன். "ஒரு பேருக்காகவா விஜயா? ஒரு கல்லுல எழுதுற பேருக்காகவா முப்பது வருசக் குடும்பத்த ஒடச்சுட்டுப் போற?"ன்னேன்.

அவ கோவப்படவே இல்ல. அவளுக்குக் கோவம் வந்து நான் பாத்ததே இல்ல.

"அக்கா, ஆஸ்பத்திரியில டாக்டர் எத்தனை நாளாக் காய்ச்சல்னு கேட்டாரு. நீங்க நேத்துல இருந்துன்னீங்க. மதுரைக்குப் போறப்ப ஆம்புலன்சுல எம் மடியில படுத்துக்கிட்டு அவ சொன்னா, வியாழக்கிழமையே பெரியம்மா மாத்திரை குடுத்தாங்கம்மான்னு. இந்தப் பத்து மாசத்துல அதப்பத்தி உங்ககிட்ட நான் ஒரு வார்த்தை கேட்டேனா? அவருகிட்டயும் சொல்லல. பேரு மட்டுந்தானக்கா கேட்டோம்."

சாவிய அங்கிருந்த ஒரு டப்பா மேல வச்சுட்டுப் போயிட்டா.

வியாழக்கிழமைதான். புதன்கெழம ராவுலயே உடம்பு லேசாச் சுட்டுச்சு. விஜயராணிக்கு பேங்குல ஆடிட்டு, காலையில இருட்டோட போயி இருட்டுனப்புறம் வருவா. அவ வர்றப்ப பிள்ளை தூங்கிரும். சாப்பிட்டாளாக்கான்னு கேப்பா, சாப்பிட்டாம்பேன். கருணாகரன் கோவில்பட்டியில ஒரு மில்லுல வேலையாத் தங்கியிருந்தான். சொன்னா ரெண்டு பேரும் வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவாக, பாவம்னுதான் சொல்லல. மாத்திரை குடுத்தா காய்ச்சல் விடுது, மிளகு ரசம் குடுத்தா குடிக்கிறா. ஏழு வருசம் வளத்த பிள்ளை, இதுக்கு முன்னால எத்தனை காய்ச்சல் பாத்திருக்கேன். எனக்குத் தெரியாததா, அப்படின்னு இருந்துட்டேன். டாக்டரு கேட்டப்ப ஏன் நேத்துன்னு வாயில வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நான் சொன்னத அவரு நம்பிட்டாரு. எழுதிக்கிட்டாரு.

சிந்துஜாவுக்கு நல்லபடியாப் பொம்பளப் பிள்ளை பெறந்துச்சு. அவ அம்மா வீட்டுலதான் பிரசவம். பேத்திக்கு இப்ப ரெண்டு வயசாகுது, இந்த வீட்டுக்கு ரெண்டே தடவதான் வந்திருக்கு. ஓசூரு தூரம்ல.

அவுக எங்கிட்ட வேணுங்கிறது மட்டுந்தான் பேசுவாக. திட்டுனதில்ல. திட்டிருந்தா தேவல.

போன வருசம் நானே தூத்துக்குடிக்குப் போனு போட்டேன். "தம்பி, கல்ல எடுத்துட்டு பூவி பேரப் போட்டுர்றேன். வாசல்லயே போட்டுர்றேன். வந்துருங்க"ன்னேன்.

அவன், "வேண்டாம் மதினி. நாங்க இல்லாத வீட்டுல அவ பேரு எதுக்கு? அவள மட்டும் அங்க தனியா விட்டுட்டு வந்த மாதிரி இருக்கும்"னான். சாப்பிட்டீங்களா மதினின்னு கேட்டான். அண்ணன் சுகருக்கு மாத்திரை ஒழுங்காப் போடுதான்னு கேட்டான். வச்சுட்டான்.

ரெண்டு வருசமாப் பூட்டிக் கெடக்கு மாடி. அவுகதான் ஆளு இருந்தா நல்லதுன்னு புரோக்கருகிட்ட சொன்னாக. நீ டீச்சருங்கிற, பாத்தா நல்ல பொண்ணாத் தெரியுது. தண்ணிக்குக் கஷ்டம் இல்ல, காத்து நல்லா வரும். அந்த சுவிட்ச்ச மட்டும் மேல தூக்கி வைக்கச் சொல்லாத, அது அப்படியே இருக்கட்டும்.

ஒனக்குப் பிள்ளைக இருக்கா? ஒண்ணா. எத்தனை வயசு?

மூணு. பேச ஆரம்பிச்சிருக்கும்.

அந்தா அவுக செருப்புச் சத்தம் கேக்குது. வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிக்கிறேன் தாயி. நீ பள்ளிக்கூடம் போறப்ப பிள்ளையை எங்க வேணாலும் விட்டுட்டுப் போ. பால்வாடி இருக்கு, ஒங்க அம்மாவக் கூப்பிட்டு வச்சுக்க. எங்கிட்ட விட்டுட்டுப் போறேன்னு மட்டும் கேக்காத.

கேட்டா, நான் சரின்னு சொல்லிருவேன்.